தூதர் குடைக்குள் புகுந்த தலைவர்

புயலில் தவிக்கும் அயல்நாட்டுப் படகுக்கும் துறைமுகத்தில் இடம் தரவேண்டும் என்று இரண்டு ராஜாக்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆனால் துறைமுக ஊரான மணற்குடியின் சபை ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும்.

அந்தச் சபை கடற்கரை வெட்டவெளியில்தான் கூடும். சபையார் யாரும் குடை கொண்டுவரமாட்டார்கள். முடிவு சொல்லாமல் கலையவும் மாட்டார்கள். அயல்நாடான வேலங்கரையிலிருந்து விருந்தாளியாக வந்த தூதருக்கு மட்டும் ஒரு பெரிய தாழங்குடை உண்டு. அதைப் பிடித்து நின்றவன் அவருடைய நாட்டுக்காரன் காரி. அவன் தம்பியின் படகு இந்தத் துறைமுகத்துக்கு எதிரேதான், உள்ளே வர அனுமதி கிடைக்காமல் மூழ்கியது.

தூதர் வீடு வீடாக ஏறி இறங்கிச் சபையாரைச் சம்மதிக்க வைத்திருந்தார். தலைவர் வில்லவராயர் மட்டும் மசியவில்லை.

"முன்பின் தெரியாதவனை எதற்கு உள்ளே விடவேண்டும்? விடத்தான் வேண்டும் என்று என் வாயாலேயே சொல்லவையுங்கள், முத்திரை வைக்கிறேன்!"

அந்நேரம் பார்த்து மழை கொட்டியது. வில்லவராயர் ஒரே ஓட்டமாக வந்து தூதரின் குடைக்குள் புகுந்தார்.

"ஐயா எந்த நாடுங்க?" என்று பணிவாகக் கேட்டான் காரி.

"என்ன திமிர்டா உனக்கு! மழைக்கு ஒதுங்க வந்தவனிடம் எந்த நாடு என்றா கேட்பார்கள்?"

"கேட்கக்கூடாதுங்க ஐயா. உடன்படிக்கையிலும் அவ்வளவுதான் எழுதியிருக்கு."

நனைந்துகொண்டிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ராஜாவைக் கும்பிடுவதுபோல் அந்தக் குடைக்காரனைக் கும்பிட்டார்கள்.

வில்லவராயர் குடையைவிட்டு வெளியே வந்தார். கொட்டும் மழையில் நின்றபடியே முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் காரியிடம் நீட்டினார்.

"நீயே வையப்பா."

காரி கடலை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தான்.