ஐந்து டன் கிரேனும் ஃபிட்டர் குஞ்சிதபாதமும்

துவாக்குடியில் இரும்புத் தொட்டி செய்யும் எங்கள் பட்டறையில் நாங்கள் மூன்று பேர். வெல்டர் சவரிமுத்து, ஃபிட்டர் குஞ்சிதபாதம், அப்புறம் நான், சம்பந்தம். மூவரில் புத்திசாலி என்று என்னைத்தான் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். மற்ற இருவரையும் இதை வைத்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கூரைக்கடியில் ஓடுகிற கிரேன் ஒன்று போட முதலாளி முடிவு செய்தார். "கிரேன் கம்பெனி இன்ஜினியர் வருவார். கேட்கிறதுக்கெல்லாம் உண்மையைச் சொல்லுய்யா" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்.

இன்ஜினியர் வந்தார். "அதிகபட்சம் எவ்வளவு எடை தூக்குவீங்க?"

"சவரி அம்பது கிலோ தூக்குவார். எனக்கு முதுகுவலி, இருபதுக்கு மேல முடியாதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"முதுகுவலியா? ரெண்டு தடவைங்க."

அதன்பிறகு அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. தொட்டிகளைத் தானே அளந்துகொண்டு போய், ஐந்து டன் கிரேன் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். ஓட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கிரேன் உத்திரத்தில் கொட்டை எழுத்தில் '5 டன்' என்று இருந்தது. சுவரில் ஒரு பலகை: 'சுமைக்கு அடியில் யாரும், எதுவும் நிற்கக் கூடாது.'

முதல் வேலை, கரூர்ச் சாயப்பட்டறை ஒன்றுக்கான வாய் திறந்த தொட்டி. எடை இரண்டு டன். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் ஆர்டர் ரத்து என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். முதலாளி போனில் அழாத குறை.

கொக்கியை மாட்டியாயிற்று. அப்போதுதான் சவரிமுத்து அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, அஞ்சு டன்னுன்னு எழுதியிருக்கே. தொட்டி ரெண்டு டன்தான். மிச்சம் மூணு டன்னுக்கு எங்க போறது?"

எனக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, பட்டனை அமுக்குவதற்குள் பார்த்தாரே! தொட்டிக்குள் இரும்புத் தகடுகளை அடுக்கினோம். பழைய மோட்டார், தண்ணீர் நிரப்பிய டிரம், முதலாளியின் நாற்காலி எல்லாவற்றையும் போட்டோம். அப்படியும் எழுபத்திரண்டு கிலோ குறைந்தது.

"நான் எழுபது. டிபன் கேரியரோட சரியா வரும்" என்று குஞ்சிதபாதம் ஏறி நாற்காலியில் உட்கார்ந்தார்.

பட்டனை அமுக்கினேன். தொட்டி பூப்போல மேலே போனது. நமக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

லாரி டிரைவர் பொன்னரசன் வண்டியை அடியில் கொண்டுவந்தார். நான் அலறினேன்.

"நிறுத்தாதீங்க! பலகையைப் பாருங்க. அடியில எதுவும் நிக்கக் கூடாது!"

"நிக்காம எப்படிய்யா ஏத்துறது?"

"ஓடிக்கிட்டே இருங்க. நேரா வர்றப்ப நான் இறக்கிடறேன்."

பட்டறைக்கு முன்னும் பின்னும் வாசல் உண்டு. லாரி ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறி, சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. நான் விரலை எடுத்துவைப்பதற்குள் ஒவ்வொரு முறையும் போய்விட்டது. மேலேயிருந்து குஞ்சிதபாதம், "வருது... வருது... போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். பொன்னரசன் முதல் பத்துச் சுற்று எங்களைத் திட்டினார். அப்புறம் தன் தலைவிதியைத் திட்டினார்.

நாற்பத்தோராவது சுற்றில், தொட்டிக்கு நேர் கீழே, டீசல் தீர்ந்து லாரி நின்றது.

"நின்னுடுச்சே அண்ணே!" என்றார் சவரிமுத்து.

"நாம நிறுத்தலையே."

"பலகைக்கு அது தெரியுமா?"

நியாயமான கேள்வி. வெகுநேரம் யோசித்துப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டச் சொன்னேன். பிறகு யாருக்கும் பயப்படாமல் தொட்டியை இறக்கினேன்.

டீசல் வாங்கி ஊற்றியதும் முதலாளிக்கு போன் போட்டேன்.

"தூக்கி லாரியில வெச்சாச்சு முதலாளி."

"என் தெய்வமே! வெச்சதை அப்படியே கொண்டுபோய் இறக்கிட்டு வாங்கய்யா!"

அப்படியே கொண்டுபோனோம். கரூரில் வாட்ச்மேன் நோட்டில் எழுதிக்கொண்டார்: தொட்டி ஒன்று, தகடு நாற்பது, மோட்டார் ஒன்று, டிரம் ஒன்று, நாற்காலி ஒன்று, குஞ்சிதபாதம் ஒன்று. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் கிளம்பினோம். குஞ்சிதபாதமும் லாரியில் ஏறப் போனார். வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

"உள்ள எழுதின சாமான் லெட்டர் இல்லாம வெளிய போகாது."

லெட்டர்பேட் துவாக்குடியில் இருந்தது. "அவர் சொல்றதும் சரிதானே அண்ணே" என்று குஞ்சிதபாதமே திரும்பி, மோட்டாருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

நாங்கள் லெட்டர் அனுப்புவதற்குள் அங்கிருந்து ஒரு லெட்டர் வந்துவிட்டது. 'தொட்டி திருப்தி. கூட வந்த குஞ்சிதபாதம் காலையில் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் சோறு போட்டால் இரண்டு மணி நேரம் அசைவதில்லை, ஒரு மாதிரி சத்தமும் வருகிறது. இதற்கான கையேட்டை உடனே அனுப்பவும்.'

நானும் சவரிமுத்துவும் இரண்டு நாளாக அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறோம். எங்கே வைத்துத் தொலைத்தோம் என்றுதான் தெரியவில்லை.