வல்லாரை தேடிப் போன முயல்

நெட்டைச்செவி என்ற முயலுக்கு வயதாகிவிட்டது. காதும் காலும் நன்றாகத்தான் இருந்தன. ஞாபகம்தான் காலை வாரியது. மேயப் போன இடத்தில் நின்று, “எதுக்கு வந்தேன்?” என்று யோசிக்கும். வயிறார மேய்ந்து திரும்பியதும், இன்னும் மேயவே இல்லை என்று மறுபடி கிளம்பும். அதனால் உடம்பு மட்டும் உருண்டு திரண்டிருந்தது.

அந்தக் காட்டு நரிக்கும் ஏறக்குறைய அதே வயது. பல் ஆடியது. துரத்திப் பிடிக்க மூச்சு இல்லை. ஆனால் யாராவது, “வயசாயிடுச்சே!” என்றால் போதும், “யாருக்கு? குட்டியிலே இருந்த மூளை எனக்கு அப்படியே இருக்கு!” என்று எகிறிக் குதிக்கும்.

முயலின் மறதி நரியின் காதுக்கு எட்டியது. நாக்கில் எச்சில் ஊறியது.

“தங்கச்சி! மறதிக்கு வல்லாரையை விட்டா வேற மருந்து ஏது? என் குகைக்குள்ளே பாறை இடுக்கிலே மண்டிக் கிடக்கு. சும்மா வந்து தின்னுட்டுப் போ!”

“நிஜமா வேலை செய்யுமா நரியண்ணே?”

“உன் அத்தை மகன் சாம்பல்வாலனைக் கேட்டுப்பார்! போன வாரம் வந்து தின்னான். இப்போ தாய்ப்பால் குடிச்சதுகூட அவனுக்கு ஞாபகம் இருக்கு!”

முயலுக்கு ஒரே சந்தோஷம். இருவரும் நடந்தார்கள். அந்தக் குகைக்குள் போன யாரும் வெளியே வந்ததில்லை என்பது பாவம், அதற்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் போனதும் முயல் நின்றது. “கோவிச்சுக்காதீங்க அண்ணே. கீரை எங்கே இருக்குன்னு சொன்னீங்க?”

“இதுக்குள்ளே மறந்தாச்சா? குகைக்குப் பின்னாலே, சுனையோரம்!”

முயல் தலையைச் சொறிந்தது. முன்பு வேறு என்னவோ கேட்ட மாதிரி இருந்தது. ‘நமக்குத்தான் மறதியாச்சே’ என்று நடந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்களேன்!”

“உன்னோட பெரிய தொல்லை! ஆலமரத்தடியிலேன்னு எத்தனை தரம் சொல்றது?”

பொய் சொல்லவும் ஞாபகசக்தி வேண்டும் அல்லவா? நரியிடம் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. அதை யார் நரிக்குச் சொல்வது?

குகை வாசல் வந்தது. முயல் கடைசியாகக் கேட்டது. “அது சரி, சாம்பல்வாலன் எப்படி இருந்தான் அண்ணே?”

“அவனா? பிரமாதம்! தொடைதான் கொஞ்சம் நாராப் போச்சு. மத்தபடி நல்ல ருசி...” நரி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

மறு கணம் முயல் அங்கே இல்லை. ஒரே பாய்ச்சலில் காரைமுள் புதருக்குள் புகுந்துவிட்டது. நரி மூக்கை நுழைத்து, முள் குத்தி ஊளையிட்டது.

“மறதிக்காரி! நீ எப்படிக் கண்டுபிடிச்சே?”

உள்ளே இருந்து பதில் வந்தது. “எனக்கு மறதின்னு எனக்குத் தெரியும். அதனாலே கேட்டுக் கேட்டு நடந்தேன். நீங்களும் அந்த வல்லாரையிலே ரெண்டு இலை தின்னிருக்கலாம் அண்ணே!”

நரிக்கு அன்று பட்டினிதான்.

வயதானால் மறதி வருவது இயல்பு. அதை ஒப்புக்கொண்டு மறுபடி கேட்பவர் பிழைத்துக்கொள்வார், ஒப்புக்கொள்ளாமல் வீம்பு பேசுபவர் தன் வாயாலேயே கெடுவார்.