விடாப்பிடி பிரேக்

"பிடிச்ச பிடியை விடமாட்டேங்குது சாமி. அலுத்துப் போச்சு" என்றார் கோமதிநாயகம்.

அவர் சொன்னது காரின் முன்சக்கர பிரேக்கை. கடலோர உப்புக் காற்றில் வருஷக்கணக்காக ஓடாமல் கிடந்த கார். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் துருவேறி அப்படியே இறுகிவிட்டது. ஒரு வாரமாக வீட்டு வாசலில் அதைக் கழற்றிப் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகு விட்டுப் போயிருந்தது.

எதிரே, கவிழ்த்த வாளிமேல் சாமி உட்கார்ந்திருந்தார். குருவானாலும், சீடரான கோமதிநாயகத்தைவிட இருபது வயது இளையவர்.

"அப்படி என்ன அவசரம் அண்ணாச்சி?"

"நாளைக்கு ஆவுடை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் மாலை போட்டாத்தான் பிள்ளை மணவறைக்கு வரும்."

ஆவுடை அவருடைய ஒரே தங்கை. அப்பா செத்த வீட்டில் வார்த்தை தடித்து, அன்றோடு பேச்சு நின்றது. போன வாரம் அவளே வந்து, தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டாரே தவிர, அண்ணன் வாயைத் திறக்கவில்லை. 'உள்ளே வா' என்றாவது சொல்லியிருக்கலாம். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

"வண்டி சரியானா போயிருவேன் சாமி."

"சரி" என்றார் சாமி.

கோமதிநாயகம் துருவைச் சுரண்டினார். பின்களுக்கு கிரீஸ் தடவினார். காலிப்பரை மாட்டி, சக்கரத்தையும் பூட்டினார். அதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது.

ஜாக்கியில் நின்ற சக்கரத்தைச் சாமி ஒரு விரலால் தள்ளினார்.

அது பாட்டுக்குச் சுற்றியது.

கோமதிநாயகம் ஸ்பேனரை மறுபடியும் கையில் எடுத்தார்.

"அந்தப் பக்கச் சக்கரத்தையும் பிரிச்சுப் பாத்திரணும்" என்றார்.

சாமி எழுந்து போய் அந்தப் பக்கமும் ஜாக்கி போட்டுத் தள்ளினார். அதுவும் சுற்றியது.

"வெளியில இன்னும் துரு இருக்கே சாமி. நாளைக்குள்ள முடியாது போல."

சாமி அவரையே பார்த்தார்.

"தங்கச்சி வீடு எங்க இருக்கு?"

கோமதிநாயகம் கையிலிருந்த ஸ்பேனரை மெல்ல உயர்த்தித் தெருப் பக்கம் காட்டினார்.

நாலு வீடு தள்ளி, பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாமி வாளியை நிமிர்த்திக் குழாயடியில் வைத்தார். அது நிரம்பியது. பிறகு சோப்பை எடுத்து நீட்டினார்.

"கையைக் கழுவுங்க அண்ணாச்சி. மாலை அழுக்காயிரும்."