காதுக்கு நாற்பது நிமிடம்

குருவுக்கு வயது பத்தொன்பது. சீடனுக்கு முப்பத்துநாலு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். போகப் போக அதற்கு இடம் கிடையாது.

குருவின் பெயர் இசக்கிபிரியா. பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில், கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறவர்களுக்கு ஹெட்செட்டும் மைக்கும் விற்கிறாள். பழுதும் பார்ப்பாள்.

சீடன் ஆவுடையப்பன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்றரை வரை வேலை கிடையாது. அந்த நேரத்தில் துப்பாக்கிச் சண்டை கேம். ஐந்து பேர் அணி, அவரவர் வீட்டில் இருந்தபடியே ஆட்டம். கேப்டன் இவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய ஹெட்செட்டைக் காதில்கூட வைக்காமல், வயரை விரலால் நீவிக்கொண்டே போய், "இங்கன அறுந்திருக்கு அண்ணாச்சி" என்றாள் இசக்கி. பிரித்துப் பார்த்தால் அங்கேதான். அன்றைக்கு அவளை 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கிண்டல். பிறகு கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. வியாழக்கிழமை தவறாமல் மாடியேறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கேள்வி கேட்பார்.

இந்த வியாழக்கிழமை கேள்வியோடு ஒரு துணிப்பையும் வந்தது.

"குருவே, நல்ல ஹெட்செட் எது?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"இருக்கதுக்கு என்ன கேடு?"

"காது வலிக்கு. கண்ணாடிக் காலு வேற நெத்திப்பொட்டுல குத்துது. எவன் பேசுறதும் தெளிவாக் கேக்க மாட்டேங்கு. மூணு வாரமா தோத்துக்கிட்டே இருக்கோம். ஞாயித்துக்கெழமையும் தோத்தா நாங்களும் போறோம்னுட்டானுவ மூணு பேரும்."

"நாங்களும்னா? ஏற்கெனவே யாரு போனா?"

ஆவுடையப்பன் மடியிலிருந்த பையைத் தடவினார்.

"அது கெடக்கு. நீ ஹெட்செட்டக் காட்டு."

இசக்கியிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஹெட்செட்டாக இருந்தாலும் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பாட்டு கிடையாது, கேம் கிடையாது. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு. அதற்குப் பிறகுதான் விற்பாள்.

"முதல் அஞ்சு நிமிசம் எல்லா ஹெட்செட்டும் நல்ல ஹெட்செட்தான்" என்பாள். "நாப்பதாவது நிமிசம்தான் காது உண்மையச் சொல்லும்."

பாதிப் பேர் திட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

முதலில் தோல் உறை போட்ட ஒன்றை மாட்டிவிட்டாள். பன்னிரண்டாவது நிமிடம் ஆவுடையப்பன் நெளிந்தார்.

"வேர்க்கா?"

"குளிச்ச மாதிரி இருக்கு."

கழற்றிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். துணி உறை, மெத்தென்ற பஞ்சு. தலைப்பட்டையை இரண்டு கையாலும் மெல்ல விரித்து, கண்ணாடிக் கால் அழுந்தாதபடி உட்கார வைத்தாள். இதில் மைக் தனிக் குச்சியாக இருந்தது. வேண்டுமானால் செருகிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம். வயரைக் கடைக் கம்ப்யூட்டரில் சொருகினாள்.

"இனி முதல்லேர்ந்து நாப்பது."

"ஏ தாயி, மூணரைக்கு நான் பிள்ளைகள ஏத்தணும்."

"மணி பதினொண்ணு அண்ணாச்சி. சும்மா இருங்க."

சும்மா இருப்பது ஆவுடையப்பனுக்கு வராத ஒரே வேலை. ஸ்டூலில் முன்னும் பின்னும் ஆடினார். இசக்கி அவர் மடியிலிருந்த பையை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே ஒரு பழைய ஹெட்செட். வயர் வட்டமாக, அழகாகச் சுருட்டி, சின்ன ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது. குழந்தைகள் முடிக்குப் போடுவது, மஞ்சள் பூ வைத்தது.

"இது உங்க சுருட்டு இல்லையே. நீங்க வயரக் கயித்து மூட்டை மாதிரிலா கொண்டாருவீய."

"பீரோடது. டீம் ஹெட்செட்டு, திருப்பித் தந்துட்டான். மைக் செத்துப்போச்சு. உதிரிக்கு வேணும்னா வச்சிக்கோ."

பீர்முகம்மது மேலப்பாளையத்துக்காரன். அணியில் பின்பக்கக் காவல். முன்னால் ஓடுகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு, எவன் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று சொல்ல வேண்டியவன். இரண்டு வருடம் நன்றாகத்தான் சொன்னான். பிறகு பெண் பிள்ளை பிறந்தது. வீட்டில் இருப்பது ஒரே அறை. ஒரு மூலையில் கம்ப்யூட்டர், நடுவில் தொட்டில், மேலே ஃபேன்.

தொட்டில் சங்கிலி கிரீச்சிடுவதும் ஃபேன் சுற்றுவதும் நான்கு பேர் காதிலும் விழுந்தது. கத்தினார்கள். கேப்டன் நேரிலேயே போய், பீரின் கம்ப்யூட்டரில் நாய்ஸ் கேட் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். கேட் என்றால் கேட்தான். ஓர் அளவுக்கு மேலே உள்ள சத்தம் வந்தால் திறக்கும், அதற்குக் கீழே உள்ளதை வெளியே விடாது. ஃபேன் நின்றது. தொட்டில் நின்றது.

அத்தோடு பீரும் பேசுவதை நிறுத்திவிட்டான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று ஆவுடையப்பன் கேட்டார். ஒரு நாள் இல்லை, மூன்று மாதம் கேட்டார். பிறகு, 'பேசாதவனுக்கு டீம்ல என்ன சோலி' என்று எல்லாரும் பார்க்கிற குரூப்பில் எழுதி, அவனை அதிலிருந்து நீக்கினார். மறுநாள் வேனின் பக்கக் கண்ணாடியில் இந்தப் பை தொங்கியது. தொங்கவிட்டவன் நின்று பார்க்கவில்லை.

இதையெல்லாம் ஆவுடையப்பன் அரைகுறையாகத்தான் சொன்னார். மீதியை இசக்கி கேட்டு வாங்கினாள்.

"அப்ப, மைக் செத்ததாலதான் பீர் அண்ணன் பேசல?"

"முதல்ல திமிருன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா மைக்காத்தான் இருக்கும்னு தோணுது. அத அவன் வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா?"

இசக்கி ரப்பர் பேண்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். பீரின் ஹெட்செட்டையும் அதே கம்ப்யூட்டரில் சொருகி, மைக்கைத் தன் வாய்ப் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. கேக்கா?"

ஆவுடையப்பனுக்கு அவள் காதுக்குள் வந்து உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

"கேக்கே!"

"மைக் சாகல. சரி, பீர் அண்ணன் வீட்டுல வச்ச கேட் அளவ இதுல வைங்க."

அளவு அவருக்கு மனப்பாடம். எட்டிப் போய் மவுஸைப் பிடித்து வைத்தார். தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த ஃபேன் காதில் பட்டென்று செத்தது.

"பாத்தியா குருவே! ஒரு தூசி கெடயாது!" சொந்த வேலையைப் பார்த்து அவருக்கே பெருமை. "இப்பப் பேசு."

"பேசுதேன்."

"ஆ, கேக்கு. சுத்தமாக் கேக்கு."

இசக்கி நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேசைமேல் ஏதோ தூங்குகிறது போல, தோளைக் குறுக்கிக் குனிந்து, மைக்குக்குக் கிட்டே உதட்டை அசைத்தாள்.

அசைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆவுடையப்பன் ஹெட்செட்டை ஒரு காதில் அழுத்திப் பார்த்தார். இன்னொரு காதில் அழுத்திப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லு. ஒண்ணும் வரல."

அவள் நிறுத்தவில்லை. அவர் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, வெறும் காதை நீட்டினார்.

"பிள்ள தூங்குது அண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பிள்ள தூங்குது. பிள்ள தூங்குது."

ஆவுடையப்பன் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார்.

"கழட்டாதீங்க" என்றாள் இசக்கி. "பதினெட்டு நிமிசம்தான் ஆயிருக்கு."

மறுபடி மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கீழே செருப்புக் கடைக்காரர் யாரிடமோ பேரம் பேசுவதுகூட அவருக்குக் கேட்கவில்லை. பிறகு கோபம் வந்தது. யார்மேலாவது வர வேண்டுமே.

"இந்தக் கேட்ட எனக்குச் சொல்லித் தந்ததே நீதான?"

"ஆமா."

"இப்படி ஆவும்னு அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"வைக்கச் சொல்லித் தந்தேன். வச்சிட்டு, எதிர்ப்பக்கம் உக்காந்து ஒரு தடவ கேட்டுப் பாருங்கன்னு சொல்லல." ரப்பர் பேண்டின் மஞ்சள் பூவைத் திருகினாள். "உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன். அது எம்மேல உள்ள தப்புதான் அண்ணாச்சி."

திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பீர் அண்ணன் ஒண்ணுமே சொல்லலயா உங்ககிட்ட?"

"சொல்லல." பிறகு, "ஒரு ஆடியோ அனுப்பிச்சான்."

"என்ன சொல்லிருந்தாவ?"

"கேக்கல."

"எப்ப அனுப்பிச்சது?"

"குரூப்லேர்ந்து தூக்குனேம்லா, அதுக்கு மொத நாளு."

"ஏன் கேக்கல?"

"எட்டு நிமிசம் குருவே. சாக்குச் சொல்லுவான்னு நெனச்சேன். எட்டு நிமிசம் எவன் சாக்கு கேப்பான்?"

இசக்கி கையை நீட்டினாள். அவர் போனைத் தேடிக் கொடுத்தார். ஹெட்செட் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, போனில் சொருகி, திருப்பி அவர் கையிலேயே வைத்தாள். ஆடியோவுக்குக் கீழே ஒரு வரி: 'அண்ணே, ஆடும்போது போனப் பக்கத்துல வச்சிப் பதிஞ்சது. ஒரு தடவ கேளுங்க.'

கேட்டார்.

முதலில் ஃபேன். பிறகு தொட்டில் சங்கிலி. கிரீச், கிரீச். ஒரு காலால் ஆட்டிக்கொண்டே விளையாடியிருக்கிறான். பிள்ளை மூக்கால் ஒரு சின்னச் சத்தம் போட்டது. பிறகு பீர், மூச்சைவிடக் கொஞ்சம்தான் பெரிய குரலில்:

"இடது பக்கம் ரெண்டு பேரு அண்ணே."

கீபோர்டு படபடத்தது.

"இடது பக்கம் அண்ணே. சுவத்துக்குப் பின்னால. அண்ணே."

கிரீச்.

"உங்க பின்னால ஒருத்தன் வாரான். திரும்புங்க. திரும்புங்க அண்ணே... சரி, நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவன் ஒரு காதில் மட்டும்தான் மாட்டியிருப்பான், பிள்ளை சிணுங்கினால் தெரிய வேண்டுமே. அதனால் மறு பக்க ஸ்பீக்கரிலிருந்து யாரோ கத்துவது எறும்பு சைசில் பதிவாகியிருந்தது. ஆவுடையப்பன் ஒலியைக் கூட்டினார். கத்துவது அவரேதான்.

"ஏல பீரு, செத்துட்டியா? வாயத் தொறந்து ஏதாவது சொல்லித் தொலயேன்!"

அதற்கு பீர், பிள்ளை எழுந்துவிடாமல்:

"பேசிக்கிட்டுத்தான் அண்ணே இருக்கேன்."

எட்டு நிமிடம் முடிந்தது. ஆவுடையப்பன் மறுபடி முதலிலிருந்து போட்டார். அது முடிந்ததும் இன்னொரு தடவை. இசக்கி பழுதுக்கு வந்த வேறொரு ஹெட்செட்டைப் பிரித்து, வயரைப் பற்றவைக்க ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வேலை.

மூன்றாவது தடவையும் முடிந்த பிறகு கேட்டாள்.

"நாப்பது தாண்டிட்டு. காது வலிக்கா?"

"இல்ல."

"கண்ணாடி குத்துதா?"

தலையை ஆட்டினார். இல்லை.

"அப்ப இதுதான் உங்க ஹெட்செட்டு."

"இதையே கட்டித் தா. இன்னைக்கே அவன்கிட்டப் பேசணும். ஞாயித்துக்கெழம அவன் வந்துட்டான்னா..." நிறுத்தினார். "வர முடியாது. கம்ப்யூட்டர வித்துட்டானாம். போன வாரம் ஒருத்தன் சொன்னான். நான்கூட, 'வித்தா விக்கட்டும்'னேன்."

இசக்கி பற்றவைத்துக்கொண்டிருந்ததை மேசையில் வைத்தாள்.

"வராட்டாலும் பரவால்ல. ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு முந்தி மூணு பேருக்கும் நானே சொல்லிருதேன். லைன்ல எல்லாரும் இருக்கும்போதே. பீரு மேல தப்பு இல்லன்னு. நல்லா சத்தமா, வெவரமா சொல்லணும். மைக் இதுல நல்லா எடுக்கும்லா?"

"நல்லா எடுக்கும்."

அவர் தலையிலிருந்து ஹெட்செட்டை வாங்கினாள். வயரை வட்டமாக, ஒரே சீராகச் சுருட்டினாள். மஞ்சள் பூ ரப்பர் பேண்டை எடுத்து அதில் மாட்டினாள். பிறகு மைக் குச்சியைப் பிடித்து இழுத்தாள். டக்கென்று கையோடு வந்தது. அதை மேசை டிராயரில் போட்டு மூடினாள்.

ஆவுடையப்பன் நீட்டிய கையில் ஹெட்செட் மட்டும் வந்தது.

"ஏ குருவே. மைக்கு?"

"ஞாயித்துக்கெழம ஆட்டம் முடிஞ்சப்பறம் வாங்க. தாரேன்."

"வெளையாடுதியா? நான் கேப்டன். மைக் இல்லாம எப்படி ஆடுவேன்? நான் என்ன சொன்னாலும் ஒருத்தன் காதுலயும் விழாதே! என்ன ஆச்சு, ஏதாச்சுன்னு தெரியாம என்னத்தான திட்டுவானுவ!"

இசக்கி சாலிடரிங் கம்பியைக் கையில் எடுத்தாள்.

"பீர் அண்ணன் மூணு மாசம் ஆடுனாவ, அண்ணாச்சி."