பருப்புக்கீரையின் கடைசிப் பேச்சு

அது களைச்செடிகளுக்கு வாய் இருந்த காலம். ஆடும் மாடும்கூடப் பேசின. ஆனால் அவற்றின் பேச்சு தீனி, தண்ணீர் என்று இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். சோளமும் கம்பும் பெரிய மனிதர்கள் மாதிரி, கதிர் வைக்கிறவரை வாயே திறக்காது. களைகள்தான் பேச்சுக்குப் பேர் போனவை. மழை பெய்த ஈரம் காய்வதற்குள் முளைத்துவிடும், முளைத்த கையோடு பேச ஆரம்பித்துவிடும். ஒரு சோளக்காட்டுக்குள் நடந்து போனால் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இரைச்சலாக இருக்கும்.

கேட்க வேடிக்கைதான். களையெடுக்கப் போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். களைக்கொத்தை ஓங்கினால் போதும், கீழே இருக்கிற செடி, "அக்கா, நேத்துதான் முளைச்சேன், இன்னும் வெயிலையே சரியாப் பாக்கல" என்று கெஞ்சும். பக்கத்துச் செடி, "நான் பூ வெச்சிருக்கறன், பூத்தவளை வெட்டினா பாவம்" என்று பயமுறுத்தும். இப்படிப் பேசுகிற ஒன்றை எந்த மனசோடு வெட்டுவது? பெண்கள் இதை விட்டு அடுத்ததுக்குப் போவார்கள், அதுவும் பேசும். பொழுது சாய்ந்ததும் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கி வரப்பில் வீசியது நாலைந்துதான் இருக்கும். மற்ற களை அப்படியே நிற்கும், சோளம் நோஞ்சானாகும்.

அவர்களில் மாராக்காள் என்று ஒருத்தி. இளகிய மனசு என்றால் அப்படி ஒரு இளகிய மனசு. வீட்டுக்கு வந்த கொசுவையும் "போயிட்டு வா" என்று சொல்லி அனுப்புகிற ரகம். களையெடுக்க வந்தால் அவள் பங்குக்கு வந்த நிரையில் ஒரு செடிகூடச் சாகாது. செடிகளோடு பேசிச் சிரித்து, அதுகளின் குடும்பக் கதையெல்லாம் கேட்டுவிட்டு வருவாள். அவள் வீட்டில் புருஷனும் குழந்தைகளும் ராகிக் களியை வெறும் உப்பைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க அப்படித்தான். கீரை என்று ஒரு சொல்லே அப்போது கிடையாது, இந்தக் கதையில் வருகிற கீரைப் பெயரெல்லாம் பிறகு வைத்தவை. பேசுகிற ஒன்றை யாராவது தின்பார்களா?

ஒரு நாள் காலையில் தோட்டத்துக்காரர் நாச்சிமுத்து வரப்பில் வந்து நின்றார். அவருடைய சோளம் முழங்கால் உயரத்தில் மஞ்சளாக வெளுத்து நின்றது. களை இடுப்பு உயரம்.

"இதபாரு அம்மிணி, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல," என்றார். "ஆனா இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்தக் காடு சுத்தமாகோணும். ஆகலைன்னா தீய வெச்சுருவேன். சோளமும் போகட்டும், களையும் போகட்டும். அப்பறம் உனக்கும் கூலிச் சோளம் இல்ல, எனக்கும் கஞ்சி இல்ல."

"ஆகட்டுங்ண்ணா," என்றாள் மாராக்காள். சொல்லிவிட்டாளே தவிர, எந்தச் செடியை வெட்டுவது என்று தெரியவில்லை. கூலிச் சோளம் இல்லையென்றால் அடுத்த மழை வரைக்கும் அடுப்பு எரியாது.

அவர் சொன்னது களைகளுக்கும் கேட்டது. தீ என்ற சொல்லைக் கேட்டதும் காடு முழுக்க ஒரே கூச்சல். குப்பைக்கீரை மூக்கரட்டையைத் திட்டியது, மூக்கரட்டை கோரையைத் திட்டியது, எல்லாமாகச் சேர்ந்து சோளத்தைத் திட்டின. அந்தக் கூச்சலுக்கு நடுவே தரையோடு படர்ந்து கிடந்த ஒருத்தி மட்டும் நிதானமாகப் பேசினாள். அவள்தான் பருப்புக்கீரை. சிவப்புத் தண்டு, கொழுகொழுவென்று குட்டி இலை. அந்தக் காட்டிலேயே பெரிய வாயாடி அவள்.

"மாராக்கா, கொஞ்சம் குனிஞ்சு கேளு," என்றாள். "புடுங்கறதுக்கு நாங்க அழறோம்னா நினைக்கிற? முளைச்சவ ஒரு நாள் போகத்தான் வேணும். புடுங்கி வரப்புல வீசறீங்க பாரு, அதுதான் எங்களால தாங்க முடியல. யாருக்கும் ஒதவாம, நாதியத்துக் காயறோம். சோளம் அறுபடுது, அதுக்கு யாராச்சும் அழறாங்களா? அது வீட்டுக்குப் போகுது, அடுப்புக்குப் போகுது, ஒரு வாய்க்குப் போகுது. எங்களையும் அப்படிக் கூப்பிட்டுப் பாரு."

"கூப்பிடறதுன்னா?"

"என்னைத் தின்னு," என்றாள் பருப்புக்கீரை.

மாராக்காளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பதில் சொல்வதற்குள் பருப்புக்கீரை தன் தண்டு ஒன்றைக் கிள்ளி வாயில் போடச் சொன்னாள். தயங்கித் தயங்கிப் போட்டாள். கறுக்கென்று கடிபட்டது. லேசான புளிப்பு, வாய் நிறையத் தண்ணீர். காலையிலிருந்து வெயிலில் நின்ற தொண்டைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அட, இத்தன நாளா இதையா மிதிச்சுட்டு நடந்தோம்," என்றாள்.

அவ்வளவுதான், காட்டில் திருவிழா பிடித்துக்கொண்டது. பருப்புக்கீரை சொன்னாள்: "பருப்ப வேக வெச்சு, என்னை அதுல போட்டு, ரெண்டு பச்ச மிளகாயோட கடைஞ்சு பாரு. களிய உருட்டி அதுல தோச்சு முழுங்கினா, முழுங்கினதே தெரியாது." குப்பைக்கீரை விடுவாளா? "அவ புளிப்பு. நான்தான் கொழந்தைகளுக்கு ஆவேன். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளிச்சு, தண்ணி தெளிச்சு வதக்கி எறக்கு" என்றாள். பண்ணைக்கீரை தன் வெள்ளைப் பூவை ஆட்டிக்கொண்டு, "புளி கரைச்சு விட்டுக் கடைஞ்சா என் பக்கத்துல ஒருத்தி நிக்க முடியாது" என்றாள். மூக்கரட்டை, "என் இலையப் பொடியா அரிஞ்சு ராகி மாவுல போட்டுப் பெசைஞ்சு ரொட்டி தட்டு, காட்டுக்குக் கட்டிட்டுப் போலாம்" என்றாள். மணத்தக்காளி கொஞ்சம் கூச்சக்காரி. "என் இலை துளி கசக்கும். பழம் இனிப்புங்க, கறுத்துப் பழுத்ததை மட்டும் கொழந்தைங்க பறிச்சுத் தின்னட்டும்" என்று மெல்லச் சொன்னாள். கோரைப்புல் மட்டும் யோக்கியமாக ஒப்புக்கொண்டது. "என்னை யாரும் திங்க முடியாதுங்க. நான் வரப்புக்கே போயிக்கறேன்."

மாராக்காளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெறும் உப்பைத் தொட்டுக்கொள்ளும் வீட்டுக்கு இத்தனை விதமாக ஒரு சாப்பாடா? ஆனால் பெற்றவள் மனசு, ஒரு இடத்தில் முட்டியது.

"என்ர வீட்டுல புள்ளைக இருக்குது," என்றாள். "திங்கக் கூடாதது ஏதும் உங்களோட கலந்து வந்துறக் கூடாது. மண்ணைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க. மடியில ஏறறவ யாரும் பொய் சொல்லக் கூடாது."

களைகளுக்கு வேர் மண்ணுக்குள்ளேதானே இருக்கிறது. எல்லாமாக ஒரே குரலில் சொல்லின: "மண்ணு மேல சத்தியம். எங்கள்ல ஒருத்தி சொன்னது பொய்யின்னு வெளிப்பட்டா, அந்த நிமிசமே எங்க எல்லார் வாயும் அடைஞ்சு போகட்டும்."

"நானும் ஒரு வாக்குக் குடுக்கறேன்," என்றாள் மாராக்காள். "வேலியோரத்துல வெதைக்குன்னு கொஞ்சம் பேர எப்பவும் விட்டு வெப்பேன்."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மாராக்காள் கை போட்டதும் செடிகள் தாங்களே வேரைத் தளர்த்திக்கொடுத்தன. "என்னை, என்னை" என்று போட்டி. ஊர்ப் பெண்களும் சேதி கேட்டு ஓடி வந்தார்கள். அவரவர் மடி வீங்கிப் புடைத்தது. வெயில் தாழ்வதற்குள் சோளக்காடு சீவி முடித்த தலை மாதிரி சுத்தமாக நின்றது. நாச்சிமுத்து கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

எல்லாம் முடிகிற நேரத்தில் வரப்போரம் ஒரு இளம் ஊமத்தைச் செடி நின்றிருந்தது. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிற செடி. தன் விஷம் அதற்கும் தெரியும். ஆனால் அத்தனை பேரும் கல்யாணத்துக்குப் போவது போல மடியேறிப் போக, தான் மட்டும் கோரையோடு வரப்பில் காயப்போவதை நினைத்தால் அதற்கு ஆறவில்லை.

"அக்கா, நானும்தான். புளி விட்டுக் கடைஞ்சா அப்படி ஒரு ருசி," என்றது.

சத்தியம் பண்ணின செடிகள் பொய் சொல்லும் என்று மாராக்காளுக்குத் தோன்றவே இல்லை. "வா கண்ணு," என்று அதையும் பிடுங்கி மடியில் சொருகிக்கொண்டாள். மடியின் அடியில் கிடந்த பருப்புக்கீரைக்கு அது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தாள். பானையில் தண்ணீர் கொதித்தது. மடியில் கிடந்த செடிகள் வரும் வழியிலேயே வாடித் தூங்கிவிட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டு அழைத்து வந்தவர்களை வாசலில் நிறுத்தி, நீ யார், உன் முகத்தைக் காட்டு என்று கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மாராக்காள் வழக்கம் தவறாதவள். மடியை அப்படியே பானையில் கவிழ்த்துவிட்டாள்.

கவிழ்த்தபோது பருப்புக்கீரையின் ஒரு கொத்து அடுப்பங்கரையில் தவறி விழுந்தது. தண்டெல்லாம் தண்ணீர் என்பதால் அவள் மட்டும் இன்னும் வாடாமல் விழித்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பானைக்குள் சரிந்த பச்சையோடு ஒரு விளிம்பு நெளிந்த இலை, பழக்கமான ஒரு கெட்ட வாடை. ஊமத்தை.

இப்போது பருப்புக்கீரையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாயைத் திறந்து சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டால் சத்தியம் பலிக்கும். இந்தக் காட்டில் மட்டுமல்ல, மண்ணில் வேர் விட்ட அத்தனை களைகளுக்கும் இனி வாய் இல்லை. பேச்சே உயிராக வாழ்ந்த சனம். அவளும் பெரிய வாயாடி. சும்மா இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

மாராக்காள் பானையை இறக்கிக் கடைந்தாள். வாசனை வீட்டை நிறைத்தது. குழந்தைகள் தட்டோடு வட்டம் கட்டி உட்கார்ந்தன. கடைக்குட்டி பாவாயிக்குப் பொறுக்கவில்லை. சூட்டோடு ஒரு விரலை விட்டு வழித்து வாய்க்குக் கொண்டு போனாள்.

"பாவாயி, வாயில வெக்காத," என்று கத்தினாள் பருப்புக்கீரை. "மாராக்கா, கொட்டு அதை. ஊமத்தை ஏமாத்திருச்சு. அது வெசம். நல்லா இருங்க எல்லாரும்..."

அதற்குமேல் சத்தம் வரவில்லை. மாராக்காள் பாய்ந்து குழந்தையின் கையைத் தட்டிவிட்டாள், விரலைத் துடைத்தாள், பானையைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழி தோண்டிக் கொட்டி மூடினாள். தெருவில் ஓடி, மற்ற வீட்டுப் பானைகளையும் இறக்க வைத்தாள். எந்த வீட்டிலும் இன்னும் ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை.

திரும்பி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வெளியே வேலியோரம் எப்போதும் கேட்கிற சளசளப்பு இல்லை. ஊர் முழுக்க ஒரு செடிக்கும் மூச்சுப் பேச்சில்லை. சிவப்புத் தண்டைக் கையில் எடுத்து, "ஏதாச்சும் பேசு சாமி, ஒரே ஒரு சொல்லு," என்று கேட்டாள். பருப்புக்கீரை கையில் கிடந்தது. மாராக்காள் வாய்விட்டு அழுதாள்.

பிறகு வாசலுக்குப் போய் ஈர மண்ணை விரலால் கீறி, அந்தக் கொத்தைப் படுக்க வைத்தாள். "உன்ர வாயக் குடுத்து என்ர புள்ளையக் காப்பாத்தின. இனி உன்னை யாரு புடுங்கி எங்க வீசினாலும் நீ சாகக் கூடாது" என்றாள். சத்தியத்தைக் கேட்ட அதே மண் இதையும் கேட்டது. காலையில் பார்த்தால், வேர் அறுந்து ஒரு பகல் முழுக்கக் கிடந்த தண்டு புது வேர் விட்டு நிமிர்ந்திருந்தது. பருப்புக்கீரையைப் பிடுங்கி வரப்பில் போட்டுப் பாருங்கள். ஒரு தூறல் போதும், போட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த மழைக்கு எல்லாக் கீரையும் முளைத்தது. வெட்டினால் கெஞ்சவில்லை. நாச்சிமுத்துவுக்கு ஒரே கொண்டாட்டம். மாராக்காள் மடி நிறையப் பறித்து வந்தாள். இந்த முறை பானையில் கவிழ்க்கவில்லை. முறத்தில் பரப்பி, ஒவ்வொரு தண்டாக எடுத்து, இலையைத் திருப்பி, முகர்ந்து, ஆய்ந்து போட்டாள். ஆனால் அந்த அமைதி அவளுக்குத் தாங்கவில்லை. அத்தனை பேசிய சனம் முறத்தில் ஊமையாகக் கிடக்க, தானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். சோளம் கதிர் வைத்த கதை, மாடு கன்று போட்ட கதை, யார் வீட்டு மருமகள் யாரோடு சண்டை என்ற கதை எல்லாம் நடந்தது. கீரை ஆய்ந்து முடிந்தது, பேச்சு முடியவில்லை. அன்று இரண்டு வீட்டிலும் பருப்போடு கடைந்து களியோடு தின்றார்கள். பானையின் அடியில் ஒட்டியிருந்ததைப் பாவாயி விரலால் வழித்து நக்கினாள், யாரும் தடுக்கவில்லை.

அன்று தொட்டுத்தான் கீரையை ஆயாமல் யாரும் அடுப்பில் வைப்பதில்லை. ஆய உட்கார்ந்தவர்கள் வாய் மூடி இருப்பதும் இல்லை. அதுகளுக்கும் சேர்த்து நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.