வாய்தா வாங்கிய தூதர்

ஜூனியர் பெரிய ஆளானால் சீனியருக்கு நெஞ்சு நிறைய வேண்டும்; வக்கீல் மாசிலாமணிக்கோ வயிறு எரிந்தது. அவரிடம் தொழில் பழகிய தில்லைநாயகி எம்.பி. ஆகி, இப்போது வெளிநாட்டுக்குத் தூதராகவும் போகிறாள். அவளுக்கு வக்கீல் சங்கம் நடத்திய பாராட்டு விழாவில் மாசிலாமணி மைக்கைப் பிடித்துவிட்டார்.

“என்னிடம் இருந்தவரை இந்தம்மா ஒரு கேஸ்கூட வாதாடியதில்லை. கேஸைத் தள்ளிவைக்க வாய்தா வாங்கத்தான் அனுப்புவேன். தூதராக என்ன தகுதி? அவரே சொல்லட்டும்!”

தில்லைநாயகி எழுந்து கும்பிட்டாள். “சார் சொல்வது நிஜம். சார் கேஸ் படிக்காமல் வந்த நாளெல்லாம், கடுகடுவென்று இருக்கும் நீதிபதியைச் சமாதானப்படுத்தி வாய்தா வாங்கினேன். இனி நாடுகளின் சண்டைக்கு வாங்கப் போகிறேன்.”

முன்வரிசையில் இருந்த அதே நீதிபதி, ஓய்வுபெற்றவர், வாய்விட்டுச் சிரித்தார்.

“என்ன மாசிலாமணி, இன்றைக்கும் படிக்காமல்தான் வந்தீரா?”