பலாப்பழத் தபால்காரரும் பொன்னாடைப் பூதமும்

"உங்க பூதம் நியாயமா விளையாட மாட்டேங்குதும்மா," என்றார் அரங்கண்ணல்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு, கையில் திறந்த லேப்டாப்போடு, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

உறையூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. அங்கேதான் ஜீனத் இருந்தாள். வயது இருபத்தாறு. 'வழிவிடு' என்கிற வீடியோ கேமைச் செய்தவள்.

அரங்கண்ணலுக்கு ஐம்பத்தெட்டு. பட்டிமன்றப் பேச்சாளர். முப்பது வருஷமாக மேடையில் எதிரணியை உண்டு இல்லை என்று பண்ணியவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு சின்னப் பெண்ணிடம் வழி கேட்டு வந்து நிற்கிறார். வேறென்ன செய்வார், பாவம்.

"உட்காருங்க சார். எங்க மாட்டிக்கிட்டீங்க?"

"கடைசிக் கதவுல. பதினொரு நாளா."

"யாரையாவது அடிச்சீங்களா?"

"ஒரு கொசுவைக்கூட அடிக்கல."

உண்மைதான். அந்த கேமில் ஒரு தபால்காரர் பலாப்பழம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறுவார். வழியெல்லாம் மறிக்கிற ஜந்துக்கள். அடித்தும் போகலாம், அடிக்காமலும் போகலாம். தூக்கம் வராத கொசு ராஜாவுக்குத் தாலாட்டுப் பாடினார் அரங்கண்ணல். கொதித்துக் குதித்த இட்லிச் சட்டியிடம் மெல்லப் போய் மூடியைத் திறந்து ஆவியை விட்டார். ஒவ்வொன்றும் வழிவிட்டபோது, வீட்டில் ஆள் இல்லாத தைரியத்தில், கட்டிலில் உட்கார்ந்தபடியே கைதட்டிக்கொண்டார்.

விளையாட்டு ஆசையில் வந்ததல்ல இது. மகள் இளவேனில் வேலையை விட்டுவிட்டு கேமுக்குப் படம் வரையப் போகிறேன் என்றாள். அது தப்பு என்று நாற்பத்தைந்து நிமிஷம் பேசி ஜெயித்தார் அரங்கண்ணல். மறுநாள் காலையில் அவள் பெட்டியோடு சென்னைக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஒரு வார்த்தை இல்லை. போன மாசம் இந்த கேமை அனுப்பி, கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள். 'யாரையும் அடிக்காம முடிங்க. முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. பதினெட்டாம் தேதி நான் கனடா போறேன்.'

இன்றைக்குத் தேதி பதினாறு.

ஜீனத் திரையைப் பார்த்தாள். கதவை அடைத்துக்கொண்டு, ஒரு விரலை உயர்த்தியபடி, தோளில் பொன்னாடையோடு நின்றது பூதம். அதன் காலடியில் பட்டன்கள். அடி. பேசு. கொடு. பாராட்டு. எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், தோத்துட்டேன்.

"என்னென்ன பண்ணீங்க?"

"எல்லாம் பண்ணியாச்சு. பலாச்சுளை கொடுத்தேன், தின்னுட்டுத் திரும்பவும் மறிக்குது. பாராட்டினேன், 'தெரிஞ்ச விஷயம்தானே'ங்குது. பேசினேன். அதுல முந்நூத்திப் பத்து வசனம் இருக்கும்மா, அத்தனையும் பேசிட்டேன். ஒவ்வொண்ணுக்கும் பதில் வெச்சிருக்கு. அதுவும் என்ன பதில்! நேத்து ஒண்ணு சொல்லிச்சு பாருங்க, அடடா, நானே எழுதி வெச்சுக்கிட்டேன்."

கண்கள் மின்னின அவருக்கு. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு எதிராளி வாய்த்ததே இல்லை.

"அப்ப சந்தோஷம்தானே சார்?"

"சந்தோஷமா? பொண்ணு போயிடுவாம்மா."

ஜீனத் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அரங்கண்ணல் எழுந்தார். பழக்கதோஷம், விரல் தானாக உயர்ந்தது. "இந்த கேம் தப்பு. மூணு காரணம் சொல்றேன். முதலாவது, அடிக்காம முடிக்கலாம்னு சொல்லிட்டு, அடிக்கிறதைத் தவிர வேற வழி வைக்காதது மோசடி..."

"ஆமா சார்," என்றாள் ஜீனத். "நீங்க சொல்றது சரி. நான் தோத்துட்டேன்."

"இரண்டாவது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"என்ன சொன்னீங்க?"

"தோத்துட்டேன் சார்."

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கே."

"அதுலயும் நீங்கதான் ஜெயிப்பீங்க."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. உயர்த்திய விரலை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை அப்படியே கொண்டுபோய்க் காதைச் சொறிந்துகொண்டார். மேடையாக இருந்தால் கைதட்டல் வந்திருக்கும். இங்கே கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தப் பெண் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் மாதிரி இருந்தாள்.

"காபி குடிக்கிறியாம்மா? கீழ போய் வாங்கிட்டு வரேன்."

ஜீனத் சிரித்துவிட்டாள். ஏன் சிரிக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. பார்வை மட்டும் மெல்லத் திரைக்குப் போயிற்று. பொடி எழுத்துக்குப் போயிற்று.

"இது... ஆட்டத்தை மூடுற பட்டன்தானே?"

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"அமுக்கினா பதினொரு நாளும் போயிடுமா?"

மூடியைத் திறந்து குடித்தாள்.

போனால் திரும்ப மலையடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். இரண்டே நாளில் அது நடக்கிற காரியமில்லை. அரங்கண்ணல் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

திரை இருண்டது.

"போச்சு," என்றார்.

போகவில்லை. வெளிச்சம் வந்தது. பூதம் அங்கேயே நின்றிருந்தது, உயர்த்திய விரலோடு.

'என்ன சொன்னே?' என்றது.

தபால்காரர் தலையில் பலாப்பழத்தோடு சும்மா நின்றார்.

'இன்னும் நிறைய பாக்கி இருக்கே,' என்றது பூதம். விரலைப் பார்த்தது. அதைக் கொண்டுபோய்க் காதைச் சொறிந்துகொண்டது. பிறகு பொன்னாடையை எடுத்து மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தது.

'காபி குடிக்கிறியா?'

அதன் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தே கிடந்தது. பூட்டே இல்லை அதற்கு.

அரங்கண்ணல் வெகுநேரம் பூதத்தைப் பார்த்தார். அந்தப் பொன்னாடையின் ஓரத்தில் ஒரு நீலக் கறை. அவர் வீட்டு பீரோவில் மடித்து வைத்திருக்கிற பொன்னாடையில் இருக்கிற அதே மைக்கறை.

"இதை வரைஞ்சது யாரும்மா?"

"வரைஞ்சதும் உங்க பொண்ணு இளவேனில்தான் சார். வசனம் எழுதினதும் அவதான்."

"முந்நூத்திப் பத்துமா?"

"எல்லாம் வீட்ல கேட்டதுன்னு சொன்னா."

அரங்கண்ணல் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க," என்றாள் இளவேனில். சண்டைக்குத் தயாரான குரல். அது யாருடைய குரல் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"தோத்துட்டேன்மா."

"பூதத்துக்கிட்டயா?"

"முதல்ல அதுகிட்ட. இப்ப உன்கிட்ட."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"இன்னும் நான் சொல்ல நிறைய பாக்கி இருக்கு," என்றாள்.

"சொல்லும்மா."

போனை அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில வந்துடுங்கப்பா," என்றாள் இளவேனில். "காபி போட்டு வைக்கிறேன்."